சேவர் டிக்கெட்டில் வராதே

ஜெரோம்,

நீ முந்தாநாள் காலை அனுப்பிய படத்தை உன் அம்மாதான் முதலில் பார்த்தாள். "உம் புள்ள ஜனவரிக்கு டிக்கெட்டு பாக்குதாம், இந்தா" என்று சந்தோஷமாகப் போனை என் கையில் கொடுத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று கட்டம். முதல் கட்டத்தின் தலையில் சேவர், நடுவில் கிளாசிக், கடைசியில் ஃப்ளெக்ஸ். சேவர் கட்டத்துக்குள் மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பெருக்கல் குறி. பெரிய பை கிடையாது. உட்காரும் இடத்தை நாம் கேட்க முடியாது. தேதி மாற்ற முடியாது. பணம் திரும்பாது. அதற்குக் கீழே உன் எழுத்து: "நைனா, சேவர் சீப்பா கீது. இன்னிக்கே போட்டுடட்டா?" போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். அப்படியும் கோபம் இறங்கவில்லை.

பேசி அனுப்பிவிடலாம் என்று மூன்று முறை பேசிப் பதிவு செய்தேன். மூன்றையும் உன் அம்மா கேட்டுவிட்டு அழித்துவிட்டாள். "இத்த கேட்டா புள்ள வர்றதையே வுட்டுடும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். எழுதினால் எனக்குக் கெட்ட வார்த்தை வராது, நீயும் பாதியில் "நைனா, சிக்னல் கட்டாவுது" என்று நழுவ முடியாது. அம்மா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி. கடைசிவரை படி, ஏனென்றால் முதல் பாதியில் உன்னைத் திட்டப் போகிறேன், பின் பாதியில் வேறு ஒருவனைத் திட்ட வேண்டியிருக்கிறது.

போன வருடம் தங்கச்சி ஸ்டெல்லா கல்யாணத்துக்கு ராட்டர்டாமில் இருந்து நீ வந்தது இதே சேவரில்தான். கல்யாணத்துக்கு வந்தாய் என்று எழுதும்போதே பொய் எழுதுகிற மாதிரி இருக்கிறது. நீ கல்யாண வீட்டுக்கு வந்தாய். கல்யாணத்துக்கு வரவில்லை. முதலில் குறித்த புதன்கிழமை தள்ளிப்போய், அடுத்த புதன் என்று ஆனது. உனக்குத் தெரிந்த கதைதான்: நம் ராயபுரம் கோயிலிலும், மாப்பிள்ளை அலெக்ஸின் திருவொற்றியூர் கோயிலிலும் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை படிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பேரைப் படித்துக் கேட்பது. திருவொற்றியூரில் ஒரு ஞாயிறு தவறிப்போனது. மூன்று ஓலை முடியாமல் தாலி கட்ட முடியாது என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். கல்யாணம் ஒரு வாரம் தள்ளியது. அந்த ஓலை ஏன் தவறியது என்பதைப் பின்னால் சொல்கிறேன். உன் டிக்கெட்டோ மாதக்கணக்குக்கு முன்பே வாங்கியது. சனிக்கிழமை நீ திரும்ப வேண்டும். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு.

லீவு இல்லை என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். வேலைக்காரன் பிழைப்பு எனக்குத் தெரியாதா? முப்பது வருடத்துக்கு மேல் ஹார்பரில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டினவன் நான். ஆனால் உன் மேலதிகாரி, இன்னொரு வாரம் சென்னையில் இருந்தே வேலை பார்க்கலாம் என்று மெயில் போட்டார். அதை நீயே உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாய். அவள் அன்றைக்கே கடைக்குப் போய் உனக்குக் கல்யாணத்துக்குச் சட்டை எடுத்து வந்தாள். இடையில் நின்றது அந்த டிக்கெட் ஒன்றுதான்.

ஸ்பீக்கரில் போட்டு விமானக் கம்பெனிக்குப் போன் செய்தாய். அந்தப் பெண்ணின் குரல் என்ன இனிமை! "உங்க ஃபேர்ல சேஞ்ச் அலவ்டு இல்ல சார்." நான் போனைப் பிடுங்கி, "தங்கச்சிக்கு கல்யாணம்மா, ஒரே தங்கச்சி" என்றேன். "கங்கிராஜுலேஷன்ஸ் சார்" என்றாள். நான் விடவில்லை. ஏதாவது ஒரு வழி இருக்குமே என்று கெஞ்சினேன். இருந்தது. குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால் சர்டிபிகேட் அனுப்பலாம், பரிசீலிப்போம் என்றாள். கேட்டாயா ஜெரோம், சாவுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிற டிக்கெட்டில் கல்யாணத்துக்கு இடம் இல்லை. உன் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "அந்தப் போன மொதல்ல வைய்யி" என்றாள்.

சரி, அது போகட்டும், அவர்கள் வியாபாரிகள். நீ என்ன செய்தாய்? லேப்டாப்பைத் திறந்து, கல்யாணத்துக்கு மறுநாள் ஒருவழி டிக்கெட் என்ன விலை என்று பார்த்தாய். பார்த்ததை மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் ஹாலில் உட்கார்ந்தபடி அந்தத் தொகையைச் சத்தமாகப் படித்தாய். "இந்தக் காசுக்கு போக வர டிக்கெட்டே எட்துட்டேன் நைனா. நாலு நாளுக்கோசரம் சும்மா தூக்கிக் குட்துட்றதா?" என்றாய். ஸ்டெல்லா அங்கேதான் ஜன்னலோரம் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிரவில்லை. "பரவால்லண்ணா. வீடியோ கால்ல பாரு" என்றாள். அதை நீ நம்பினாய். "பாத்தியா, அதுவே சொல்லிட்சு" என்று அம்மாவிடம் சொன்னாய். எத்தனை வருடம் அவளோடு ஒரே தட்டில் தின்றவன் நீ, அவள் எப்போது பரவாயில்லை என்று சொல்வாள், எப்போது நிஜமாகவே பரவாயில்லை என்று உனக்குத் தெரியாதா? தன் பக்கத்தில் அண்ணன் நான்கு நாள் இருப்பதற்கு என்ன விலை என்று காதால் கேட்டு, அது அதிகம் என்று அவன் சொன்னதையும் கேட்ட பெண் வேறு என்ன சொல்வாள்?

சனிக்கிழமை காலை உன்னை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் அந்தச் சேவர் சும்மா இருக்கவில்லை. முதுகில் மாட்டும் பை ஒன்றுக்குத்தான் அனுமதி. அம்மா மூன்று நாளாக எண்ணெயிலும் வெயிலிலும் நின்று செய்த எறா ஊறுகாய், வஞ்சிரக் கருவாடு, மிளகாய்ப்பொடி எல்லாம் வாசலிலேயே என் கைக்குத் திரும்பி வந்தன. அந்தப் பையைச் சுமந்துகொண்டு நான் தனியாக வீட்டுக்கு வந்தேன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். வீட்டில் அம்மா பொட்டலங்களைப் பிரித்து டப்பாக்களில் கொட்டிவிட்டு, அன்று சமைக்காமல் படுத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பூசை நன்றாக முடிந்தது. ஹாலில் மேடை ஏறியதும் மச்சான் மோதிரம் போடுகிற நேரம் வந்தது. மாப்பிள்ளை விரலில் பெண்ணின் அண்ணன் தம்பிதான் போட வேண்டும், இது நம் குடும்பங்களில் சின்ன விஷயம் இல்லை. அலெக்ஸின் அத்தை மைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பொண்ணோட அண்ணன் எங்க, காணோமே?" என்று கேட்டாள். கம்பெனியில் லீவு தரவில்லை என்றேன். அத்தனை பேர் முன்னால், கோயிலில் நற்கருணை வாங்கி வந்த வாயால் பொய் சொன்னேன். உன் சித்தப்பா மகன் நான் போடுகிறேன் என்று கையை நீட்டினான். ஸ்டெல்லா மோதிரப் பெட்டியை வாங்கி மூடினாள். "யாரும் போட வேணாம். அண்ணன் வரட்டும்" என்றாள். அலெக்ஸ் தங்கமான பையன், விரலை மடக்கிக்கொண்டு, "மச்சான் வரட்டும், வெரலு எங்க ஓடிடப் போவுது" என்று சிரித்துச் சமாளித்தான். அப்போது நீயும் அங்கே இருந்தாய். பூச்சாடியில் சாய்த்து வைத்திருந்த போனில், பாதிக் கண்ணை மூடிய நிலையில் உன் முகம் அப்படியே நின்றுபோயிருந்தது. நெட் இல்லை. மோதிரம் இன்னும் நம் பீரோவில், அதே சிவப்புப் பெட்டியில் இருக்கிறது.

இந்தச் சேவர், கிளாசிக், ஃப்ளெக்ஸ் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். எனக்கு வேறு என்ன வேலை? ஒரே விமானம். ஒரே இறக்கை. சேவர்காரன் இறங்கும் அதே நிமிடத்தில்தான் ஃப்ளெக்ஸ்காரனும் இறங்குகிறான். முன்னால் திரை போட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகிறவர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் வேறு உலகம். பின்னால் ஒரே வரிசையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் மூன்று பேரைச் சொல்கிறேன். அவர்களுக்குள் என்ன வித்தியாசம்? வீட்டில் ஏதாவது நடந்தால் ஒருவன் தேதியை மாற்றலாம், இன்னொருவன் மாற்றக் கூடாது. அவ்வளவுதான். "என் வீட்டில் ஒன்றும் நடக்காது, யாரும் பிறக்க மாட்டார்கள், யாரும் படுக்க மாட்டார்கள், எந்தக் கல்யாணமும் தள்ளிப்போகாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவனுக்குத் தள்ளுபடி. இதற்குப் பெயர் சேமிப்பாம்! நான் வேலை பார்த்த ஹார்பரில் காற்று அடித்தால் கப்பலுக்குத் தேதி மாறும், மழை பெய்தால் மாறும், நிறுத்த இடம் இல்லை என்றால் வெளியே கடலில் நாள்கணக்கில் காத்து நிற்கும். இரும்புக்கும் உரமூட்டைக்கும் கொடுக்கிற சலுகையைக் கல்யாண வீட்டுக்குப் போகிறவனுக்குக் கொடுக்க மாட்டார்களாம். ராட்டர்டாமில் கன்டெய்னர்களுக்குத் தேதி மாற்றிக் கொடுப்பதுதானே உன் வேலையே? உனக்குக்கூடவா இது உறைக்கவில்லை?

இனி திட்ட வேண்டிய அந்த இன்னொருவனுக்கு வருகிறேன்.

அந்தச் சேவரை நீ வாங்கின அன்று என்னைக் கேட்டுத்தான் வாங்கினாய். போனில் இதே மூன்று கட்டத்தைக் காட்டி, "நைனா, நடுவுல கீறத போடட்டா? தேதி மாத்திக்கலாமாம்" என்றாய். ஆமாம், நீ கேட்டாய். நான்தான், "தேதி எதுக்குடா மாறப்போவுது? சின்னதே போடு. நடுவுல கீறதெல்லாம் நமக்கு எதுக்கு" என்றேன். அதை இத்தனை நாளும் நீ ஒரு தடவைகூட எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. கோபத்தில்கூடச் சொல்லவில்லை. அது உன் பெருந்தன்மையா, மறதியா என்று எனக்குத் தெரியாது. எனக்கு மறக்கவில்லை.

"நமக்கு எதுக்கு" என்ற இந்த வார்த்தையை உனக்குள் இறக்கினவனே நான்தானே. உனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ, பீச் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ரயிலில் ஏறும்போது நீ முன்னால் ஓடி ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில் ஏறிவிட்டாய். பெட்டி காலி. ஜன்னலோரம் மெத்தை வைத்த சீட்டில் உட்கார்ந்து, "நைனா, இங்க எடம் கீது!" என்று கையை ஆட்டினாய். நான் உள்ளே வந்து உன் கையைப் பிடித்து இழுத்து, பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்க்க ஒரு அறை அறைந்தேன். நீ என்ன தப்புச் செய்தாய் என்று உனக்குத் தெரியவில்லை. "அது நம்ம எடம் இல்ல" என்றேன். டிக்கெட் வேறு என்று பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். அறைந்திருக்க வேண்டாம். செக்கர் வந்து அபராதம் போட்டுவிடுவாரோ என்ற பயம், அந்தப் பயம் வெளியே தெரிந்துவிட்டதே என்ற கோபம், எல்லாம் உன் கன்னத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு நீ எதையுமே பெரியதாகக் கேட்டதில்லை. ஐஸ்கிரீம் கடையில்கூடச் சின்னக் கப்பைத்தான் காட்டுவாய். நான் அதைப் பார்த்து, பிள்ளைக்குக் குடும்ப நிலைமை தெரிகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளை போர்டும் அப்படித்தான். டி.எச். ரோடு பஸ் ஸ்டாப்பில் நாம் எத்தனை மணி நேரம் நின்றிருப்போம்! டீலக்ஸ் வந்தால் விட்டுவிட வேண்டும், எக்ஸ்பிரஸ் வந்தால் விட்டுவிட வேண்டும், சாதாக் கட்டணத்து வெள்ளை போர்டு வரும்வரை நிற்க வேண்டும். உனக்கு அப்போது கண் கூர்மை. லாரிகளுக்கு நடுவில் தூரத்தில் வரும்போதே, "வெள்ள! நைனா, வெள்ள!" என்று குதிப்பாய். நான் வேர்க்கடலைப் பொட்டலத்தை உன் கையில் திணிப்பேன். கையில் காசு இல்லாத நாளில் அது தேவை. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஜெரோம், ஹார்பரில் எனக்கு நல்ல சம்பளம் வந்த காலத்திலும் நான் நின்றேன். பென்ஷன் வருகிற காலத்திலும் நிற்கிறேன். டீலக்ஸில் ஏறினால் எவனோ என்னை ஏமாற்றிவிட்டான் என்று தோன்றும். நீ லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அந்தத் தொகையைப் படித்தபோது உன் முகத்தில் இருந்தது அதுதான். பார்த்தவுடனே அடையாளம் தெரிந்தது. என் முகம்.

இப்போது அந்த ஓலைக்கு வருகிறேன். திருவொற்றியூர் சாமியார் ஊரில் இல்லை, அதனால்தான் ஒரு ஞாயிறு தவறியது என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். பொய். அவர் ஊரில்தான் இருந்தார். நம் கோயிலில் கையெழுத்துப் போட்டு சீல் வைத்த காகிதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கைக்கு வந்தது. அதைச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் திருவொற்றியூர் கோயில் ஆபீஸில் கொடுக்க வேண்டும். அலெக்ஸ், "நான் பைக்ல வந்து வாங்கிக்கிறேன் மாமா" என்றான். பெண்ணைப் பெற்றவன் நான் இருக்கும்போது மாப்பிள்ளை எதற்கு அலைய வேண்டும் என்று வீறாப்பாக, நானே கொண்டுவருகிறேன் என்றேன். காலையில் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் போனால் தண்டவாள வேலை, மதியம்தான் வண்டி என்றார்கள். டி.எச். ரோட்டுக்கு நடந்து வந்தேன். அப்போது மணி பத்துகூட ஆகவில்லை.

ஒரு டீலக்ஸ் வந்தது. விட்டேன். ஏ.சி. பஸ் வந்தது, அதை நான் பஸ் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஷேர் ஆட்டோக்காரன் நிறுத்தி, "பெர்சு, திருவொத்தியூரா? ஏறு, ஒரு எடம் கீது" என்றான். தலையை ஆட்டி அனுப்பினேன். எதிரில் மெட்ரோவுக்கு இறங்கும் படிக்கட்டு. அதில் போனால் கால் மணி நேரம். ஜனங்கள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தார்கள். இன்னொரு டீலக்ஸ் வந்தது. அதையும் விட்டேன். கடைசியில் வெள்ளை போர்டு வந்தபோது மணி பதினொன்று. படியில் தொங்கிக்கொண்டு ஏறினேன். டோல்கேட்டைத் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. என் வாழ்நாள் முழுக்கக் கப்பலில் இருந்து எந்தச் சரக்கை இறக்கினேனோ அதே சரக்கு என் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு இருபது. ஆபீஸ் பூட்டியிருந்தது. கோயில் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். "மணி இன்னா ஆவுது பாருங்க. நாளைக்குப் படிக்கிறத சாமியார் எழுதி முடிச்சுட்டாரு. அட்த்த வாரந்தான்" என்றார். நாளைக்குக் காலையில் பூசைக்கு முன்னால் கொடுக்கட்டுமா என்று கெஞ்சினேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு பெயர்கூடச் சேர்க்க மாட்டார் என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அதையும் சரிசெய்திருக்கலாம். ஆயர் இல்லத்தில் பிஷப்புக்கு மனு கொடுத்தால் ஒரு ஓலைக்கு விலக்குக் கிடைக்கும் என்று நம் சாமியாரே சொன்னார். காரணம் எழுத வேண்டும். வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? "வெள்ளை போர்டு பஸ்ஸுக்காக நின்றதால் என் மகளின் ஓலை தவறியது" என்றா? ஆயர் படிப்பாரோ, அவருடைய கிளார்க் படித்துவிட்டுச் சிரிப்பானோ என்று நினைத்தேன். தாளைக் கிழித்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து, விலக்குத் தர மாட்டார்களாம் என்றேன். ஒரு வெட்கத்தை மறைக்க உன் தங்கையின் கல்யாணத்தையே ஒரு வாரம் தள்ளினேன். உன்னை ஊருக்கு அனுப்பினது சேவர் மட்டும் இல்லை. நீ போன பிறகு உன்மேல் கத்தினேனே, போனில் பத்து நாள் பேசாமல் இருந்தேனே, அந்தக் கோபத்தில் பாதி என்மேல் எனக்கு வந்த கோபம். உன் கணக்கில் எழுதிவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, எழுத வருகிறது. மன்னித்துவிடு.

இதை முதலில் உனக்கு எழுதக் கூடாது, கேட்க வேண்டியவள் வேறு ஒருத்தி என்று நேற்று மதியம் திருவொற்றியூருக்குப் போனேன். ஸ்டெல்லா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் சொன்னேன், நின்றது, விட்டது, கிழித்தது. அவள் ஒரு தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டு டீலக்ஸ் போச்சுன்றியே நைனா, அதுல ஒக்கார எடம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா" என்றேன்.

அவள் அந்த உறையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணனுக்கு இது தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "சொல்லு. அது மட்டும் எதுக்கு எல்லாத்தையும் சொமக்கணும்?" என்றாள். பிறகு, ஜனவரிக்கு நீ வருகிறாயா என்று கேட்டாள். டிக்கெட் பார்க்கிறான் என்றேன். "எந்த டிக்கெட்டு?" என்றாள். நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தாள், அவ்வளவுதான். நேற்று ராத்திரி அம்மா போன் செய்தபோதும், நைனாவிடம் கொடுக்கவா என்றதற்கு வேண்டாம் என்றிருக்கிறாள். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. எத்தனை நாள் ஆனாலும் காத்திருப்பேன். காத்து நிற்பதுதான் எனக்கு நல்ல பழக்கமாயிற்றே!

உன்னை ஊதாரியாக இருக்கச் சொல்லவில்லை ஜெரோம். ஆபீஸ் வேலையாகப் போகிறாயா, சேவரில் போ. கூட்டாளிகளோடு ஊர் சுற்றப் போகிறாயா, தாராளமாகச் சேவரில் போய் முழங்காலை இடித்துக்கொள். ஒன்றும் நடக்காது என்று உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு அதுவே போதும். வீட்டுக்கு வரும்போது வேண்டாம். வீடு என்பது எதுவும் சொன்ன தேதியில் நடக்காத இடம். டாக்டர் ஜனவரி நடுவில் என்கிறார். பிள்ளை டாக்டரைக் கேட்டுக்கொண்டா பிறக்கும்? ஞானஸ்நானம் எந்த ஞாயிறு என்று சாமியார் சொல்ல வேண்டும், தாய்க்கு உடம்பு தேற வேண்டும். ஞானத்தகப்பனாக நீதான் நிற்க வேண்டும் என்று ஸ்டெல்லாவும் அலெக்ஸும் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதை உனக்குச் சொல்ல வேண்டாம், நேரில் வந்ததும் கேட்கலாம் என்றிருந்தார்கள். நான் சொல்லிவிட்டேன். இதற்கும் ஒரு திட்டு வாங்குவேன், வாங்கிக்கொள்கிறேன். பூசையில் பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டியவனைப் பூச்சாடியில் சாய்த்து வைக்க முடியாது.

ஆகவே, நடுக் கட்டத்தைத் திறந்து அதன் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. மாற்றலாம் என்று மேலே போட்டுவிட்டு, மாற்றினால் இவ்வளவு கட்டு என்று கீழே போட்டிருப்பார்கள். அந்தத் தொகை உன் கையை மறுபடி கட்டிப்போடும் என்றால் அதை விடு, கடைசிக் கட்டத்தை அழுத்து. அதில் பெரிய பையும் உண்டு. கருவாடு இந்த முறை உன்னோடு வரும். விலையைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு பிடி பிடிக்கும், எவனோ உன்னை ஏமாற்றுகிறான் என்று தோன்றும். அது நான் உனக்குள் வைத்தது. அதைப் பொருட்படுத்தாமல் அழுத்து. நேற்று திருவொற்றியூரில் இருந்து திரும்பும்போது முதலில் வந்த டீலக்ஸில் நான் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அந்தப் பிடி எனக்கும் வந்தது. பாதி வழியில், தண்டையார்பேட்டை வந்ததும் விட்டுவிட்டது.

டிக்கெட் போட்டதும் எனக்கு அனுப்பாதே. ஸ்டெல்லாவுக்கு அனுப்பு. அன்றைக்கு ஹூக் தைத்துக்கொண்டே நீ படித்த தொகையைக் கேட்டாளே, அவள் இதையும் பார்க்கட்டும். விலையை மறைக்காமல் அனுப்பு.

இப்படிக்கு,
உன் நைனா